சீதன லொறி

சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
1946 ஜூன் 4.

திரு. சந்தியாகு அவர்களுக்கு,

பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் புருஷனுக்கு இப்படி எழுதுவதில்லை என்று எனக்கும் தெரியும். எந்தப் புருஷனும் பெண்சாதியின் சீதனத்தை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளிக்குத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் இல்லை. ஆகவே இரண்டு பேரும் புது வழக்கம் தொடங்கியிருக்கிறோம்.

நேற்று உங்கள் கிறகோரி முதலாளியின் ஆட்கள் இரண்டு பேர் சிலாபத்திலிருந்து வந்து இறங்கினார்கள். ஸ்பானர், சங்கிலி, சாக்கு எல்லாம் கொண்டுவந்து, பாரம் ஏற்ற ஊருக்குள்ளேயே ஒரு மாட்டுவண்டியும் பிடித்திருந்தார்கள். அப்பாவின் லொறியில் கியர்ப்பெட்டியும் பின் அச்சும் கழற்ற வேண்டும், சந்தியாகு அண்ணன் சொல்லிவிட்டார் என்றார்கள். நான் அப்போது கருவாட்டுக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "லொறி ஆருடையது எண்டு சந்தியாகு அண்ணன் சொன்னவரோ?" என்று கேட்டேன். ஒருவன் சிரித்தான். சிரித்தபடியே போய் லொறியின் கீழே மல்லாந்து படுத்தான். மீன் கழுவின தண்ணீர் முழுவதையும் அவன் மேலே ஊற்றினேன். மற்றவன் கிட்டவே வரவில்லை.

அது அருளப்புவின் லொறி. தென்னந்தோட்டத்துத் துரை கழித்துவிட்டதை அப்பா வாங்கி, இந்தக் கரையின் மீனை அதில் ஏற்றி, நம்முடைய கல்யாணத்தன்று கோயில் வாசலில் வைத்து "இது என்ர மகளுக்கு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லித் தந்தது. நகையாகத் தந்திருந்தால் இதற்குள் விற்றுத் தின்றிருப்போம். பிறகு யுத்தம் வந்தது. பெற்றோல் இல்லை, ரயர் இல்லை, அப்பாவும் போய்விட்டார். லொறி வேலியோரம் நின்று துருப்பிடித்தது. ஓம், துருப்பிடித்ததுதான். துருப்பிடித்த சாமானுக்குச் சொந்தக்காரி இல்லை என்று யார் சொன்னது?

முதலாளியின் லொறியும் என்னுடையதும் ஒரே சாதி. அவருடையதற்குச் சாமான் கிடைக்கவில்லை என்பதற்காக என்னுடையதை அறுத்து அதற்குள் போட வேண்டுமாம். ஏன், மாறி நடந்தால் ஆகாதோ?

நான் இந்த லொறியை ஓட வைக்கப் போகிறேன். சோளகக் காற்று அடங்கி வள்ளங்கள் கடலுக்கு இறங்கும்போது இது றோட்டில் இறங்கும். முதலாளியிடம் அப்படியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அருளப்புவின் மகள் பிரான்சிஸ்கா

*

சிலாபம்,
1946 ஜூன் 10.

பிரான்சிஸ்காவுக்கு,

உன் கடிதத்தை முதலாளியின் லொறிக் கொட்டிலில் வைத்துப் பிரித்தேன். பிரித்ததும் 'திரு. சந்தியாகு அவர்களுக்கு' என்று இருந்ததைப் பக்கத்தில் நின்றவன் பார்த்துவிட்டு, வழக்குக் கோட்டிலிருந்து வந்த கடிதமோ என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

நீ குளிப்பாட்டி அனுப்பிய ஆளோடு ஒருவரும் இன்னும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "உன் வீட்டில் உன் சொல்லுக்கு இவ்வளவுதான் மதிப்போ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உன் தகப்பன் உயிரோடு இருந்து கேட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

நான் அந்த லொறியைத் தருவதாகச் சொன்னது சும்மா அல்ல. அதற்குப் பதிலாக என்னைக் கொழும்புக்கு ஓடும் லொறிக்குப் பெரிய டிறைவராகப் போடுவதாகவும், கொட்டிலுக்குப் பின்னால் உள்ள ஓட்டு வீட்டை நம் இரண்டு பேருக்கும் விடுவதாகவும் அவர் சொன்னார். நீ அங்கே கருவாட்டோடும் நான் இங்கே தேங்காய் லோடோடும் எத்தனை காலம் கிடப்பது? உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் வாக்குக் கொடுத்தேன். இதைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் போன தடவை நீ சட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போனாய்.

ஓட வைக்கப் போகிறாயாம். லொறியைப் பற்றி நீ என்ன கண்டாய்? உப்புக் காற்றில் நின்ற இரும்பு அது. நிலத்தகடு உதிர்ந்து புல் முளைத்திருக்கிறது. எஞ்சின் இறுகிக் கல்லாகியிருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். இறுகின எஞ்சினை ஹாண்டில் போட்டு யாரையும் இழுக்க விடாதே. பிளக்குகளைக் கழற்றி அந்தத் துவாரங்களில் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி நன்றாக ஊற விட வேண்டும். ஊறாமல் இழுத்தால் உள்ளே முறிந்துபோகும்.

ஆனால் நீ ஊற்ற வேண்டாம். அதைத் தொடவே வேண்டாம். முதலாளியின் ஆட்கள் திரும்ப வருவார்கள். மரியாதையாக விடு.

சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
1946 ஜூன் 22.

டிறைவர் அவர்களுக்கு,

மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஊற்றியாயிற்று. ஊறிக்கொண்டிருக்கிறது. உபகாரம்.

கற்பிட்டியிலிருந்து முத்தலிபு நானா வந்தார். யுத்தக் காலத்தில் பட்டாளக் காம்பில் லொறி பழுது பார்த்தவர், உங்களுக்கும் தெரியும். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் தொட்டார், கதவு கையோடு வந்தது. அதை மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு, "இது மையித்து தங்கச்சி" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா இன்னம் அடக்கம் பண்ணல்ல. பாப்பம்" என்றார். கூலிக்குப் பதில் வருஷம் முழுக்கக் கருவாடு தருகிறேன் என்றேன். அவருடைய பெண்சாதி லெய்லா ராத்தாவுக்குக் கட்டாக் கருவாடு என்றால் உயிர். பேச்சு முடிந்தது.

புதுச்சாமான் வாங்க என்னிடம் எதுவுமில்லை. கையில் இருப்பதை வைத்துத்தான் எல்லாம். நிலத்தகட்டுக்குப் பட்டாளக்காரர் எறிந்துவிட்டுப் போன தார்ப் பீப்பாயை வெட்டி விரித்திருக்கிறோம். இருக்கைக்கு வள்ளத்தின் பழைய பாய்ச்சீலையில் தேங்காய்த் தும்பு அடைத்துத் தைத்தேன். துருவைச் சுரண்டிச் சுரண்டி என் கையிரண்டும் செங்கல் நிறமாகிவிட்டன, பூசைக்குப் போகும்போது முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறேன். சுரண்டிய இரும்புக்கெல்லாம் சுறா எண்ணெய் பூசியாயிற்று. வள்ளத்தை உப்பிலிருந்து காப்பது லொறியைக் காக்காதோ? ஊர் நாயெல்லாம் இப்போது நம் வளவில்தான்.

ஓட்டு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் உங்களோடு இருக்க ஆசைதான். இல்லாமல் கல்லா நான்? ஆனால் போன வருஷம் நடந்ததை மறந்துவிட்டீர்களோ? இந்தக் கரையிலிருந்து சிலாபத்துக்கு மீன் கொண்டுபோக முதலாளியின் லொறி ஒன்றுதான். அவர்கள் சொன்ன விலைக்கு, கரையில் மீன்வாடி வைத்திருக்கிற பவுலினா அக்கா மாட்டேன் என்றா. அவவின் மீனை மட்டும் ஏற்றாமல் லொறி போனது. அடுத்த நாள் அழுகின விலைக்கு அதே மீனை அவர்களே வாங்கினார்கள். அவ மணலில் இருந்து அழுததை நான் பார்த்தேன். அந்த லொறிக்குள் என் அப்பாவின் கியர்ப்பெட்டி ஓடுவதற்குப் பதில், அதைக் கடலில் போட்டுவிடுவேன்.

பிரான்சிஸ்கா

*

சிலாபம்,
1946 ஜூலை 5.

பிரான்சிஸ்காவுக்கு,

சுறா எண்ணெயா! லொறிக்கா! இதைக் கொட்டிலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நான் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

எஞ்சினுக்குக் கிட்டப் பூசாதே. சூடேறினால் புகைந்து உங்கள் இரண்டு பேரையும் மூச்சடைக்க வைக்கும். பிறேக்கில் ஒரு துளி பட்டாலும் பிறேக் பிடிக்காது, மண்ணெண்ணெய் போட்டுத் துடை. முத்தலிபு நல்ல மனுஷன்தான். ஆனால் பட்டாளத்தில் எல்லாம் புதுச்சாமான் போட்டுப் பழகினவன், பழசை ஒட்டி ஓட்டத் தெரியுமோ தெரியாது. காபுறேற்றரைக் கழற்றினால் சின்னச் சாமான்களை ஒரு சிரட்டைக்குள் போட்டு வைக்கச் சொல். மணலில் விழுந்தால், தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியாரே வந்தாலும் கிடைக்காது.

இதெல்லாம் நீ செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

விளையாட்டு இதோடு முடிந்தது. முதலாளி நாள் குறித்துவிட்டார். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நானே ஆட்களோடும் மாட்டோடும் வந்து லொறியை முழுதாக இழுத்துக்கொண்டு போகிறேன். என் மேல் தண்ணீர் ஊற்ற மாட்டாய் என்று நினைக்கிறேன். நான் உன் புருஷன்.

சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
1946 ஜூலை 16.

பெயர் எழுதவும் மனமில்லை. 'அன்புள்ள' என்று எழுதவும் மனமில்லை.

நான் தண்ணீர் ஊற்றவில்லைத்தானே. நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்து விடியவே சோறும் பாரைமீன் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டுத்தான் லொறிக்குள் ஏறி இருந்தேன். அதையும் இதையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்று உங்களுக்கு விளங்கவில்லை.

"இறங்கு" என்றீர்கள். இறங்கவில்லை. "உன்னோடு சேர்த்து இழுப்பேன்" என்றீர்கள். "இழுங்கோ" என்றேன். மாட்டுக்காரன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்தான், நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், பவுலினா அக்காவும் வாடிப் பெண்களும் வந்து சக்கரத்துக்கு முன்னால் கருவாட்டுப் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் கூப்பிடவில்லை. அவர்களாகத்தான் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் "நான் உன் புருஷன், நான் சொல்றன்" என்று கத்தினீர்கள். ஓம், என் புருஷன். லொறிக்கும் புருஷன் என்று பங்குச் சுவாமி கல்யாணப் பூசையில் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

வெயில் ஏறினது, மாடு படுத்துவிட்டது, ஆட்கள் வேப்பமர நிழலுக்குப் போனார்கள். அப்போது நீங்கள் ஒன்று செய்தீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே குனிந்து, காற்றாடித் தகட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தீர்கள். அது சுற்றியது. இறுகின எஞ்சின் இளகிவிட்டது. அப்போது உங்கள் முகத்தில் வந்த சிரிப்பை நம் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. உடனே மூடியைப் படாரென்று சாத்தினீர்கள்.

லொறி இல்லாமல் போனீர்கள், சரி. சாப்பிடாமல் ஏன் போனீர்கள்? அந்தக் குழம்பை நான் நாய்க்கு வைத்தேன். வைத்துவிட்டு இருந்து அழுதேன். எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

லொறி தர மாட்டேன்.

பிரான்சிஸ்கா

*

சிலாபம்,
1946 ஆகஸ்ட் 19.

பிரான்சிஸ்காவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

முதலாளி என்னை லொறியிலிருந்து இறக்கிவிட்டார். தேங்காய்க் கொட்டிலில் தேங்காய் எண்ணப் போட்டிருக்கிறார். நேற்று வரைக்கும் என் லொறியில் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த கிளீனர் இப்போது சக்கரம் பிடிக்கிறான். கியர் மாற்றும்போது அந்தப் பெட்டி கத்துகிற கத்து எனக்குக் கொட்டிலுக்குள் கேட்கிறது. ஓட்டு வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். எல்லாம் உன்னால். திருப்தி தானே?

ரயருக்கு என்ன செய்கிறாய் என்று ஊரிலிருந்து வந்தவரிடம் கேட்டேன். மூன்று சக்கரத்துக்குப் பட்டாளத்துப் பழைய ரயரும் ஒன்றுக்குத் தும்பு அடைத்ததும் என்றார். தும்பு அடைத்த ரயர் ஓடும். ஆனால் உள்ளே உரஞ்சிச் சூடேறும். அதைப் பின்னால் போடு, முன்னால் போட்டால் ஸ்டியரிங் சக்கரம் கையை முறிக்கும். அடிக்கடி நிறுத்தித் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதெல்லாம் யாருக்குச் சொல்கிறேன்? லொறி ஓடினாலும் யார் ஓட்டுவது? முத்தலிபுவுக்கு லைசன்ஸ் இல்லை. அந்தக் கரை முழுவதிலும் லைசன்ஸ் உள்ளவன் நான் ஒருத்தன்தான், நான் வர மாட்டேன். சுறா எண்ணெய் பூசி, தும்பு அடைத்து, வேலியோரம் வைத்துப் பார்த்துக்கொண்டிரு.

சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
1946 ஒக்டோபர் 18.

தேங்காய் எண்ணுகிறவருக்கு,

நான் ஓட்டுகிறேன்.

கடிதத்தைக் கையிலிருந்து விழுத்திவிட்டீர்களானால் எடுத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

அந்தோனியார் திருநாளுக்கு வாங்கும் வெடியைவிடப் பெரிய சத்தத்தோடு போன மாதம் எஞ்சின் பிடித்தது. மூசுமூசென்று கறுத்த புகை. வாடிப் பெண்கள் சிலுவை போட்டார்கள், முத்தலிபு நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று மண்ணில் இருந்துவிட்டார். எனக்கு அப்பாவின் குரலைக் கேட்டதுபோல இருந்தது, அதனால் கொஞ்ச நேரம் வேலிப்பக்கம் போய் நின்றேன்.

அவருக்கு ஓட்டத் தெரியும், லைசன்ஸ் இல்லை. எனக்கு ஓட்டப் படிக்க ஆசை. ஆனால் ஒரு மனுஷனும் ஒரு பெண்ணும் ஒரே லொறிக்குள் தனியே இருந்தால் கண்டக்குழியும் கதைக்கும், கற்பிட்டியும் கதைக்கும். லெய்லா ராத்தாவே வழி சொன்னா. "நான் நடுவுல இரிக்கிறன். பேசுறவன் பேசட்டும்" என்றா. ஆகவே அந்தப் பக்கம் நானா, நடுவில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு லெய்லா ராத்தா, இந்தப் பக்கம் நான். களப்போரத்து வெட்டை வெளியில் சுற்றுவோம். ராத்தா புறப்படும்போது கண்ணை மூடி ஓதத் தொடங்குவா, நிறுத்தினால்தான் கண் திறப்பா. ஒருநாள் பவுலினா அக்காவின் கருவாட்டுப் பந்தலுக்குள் ஏற்றிவிட்டேன். பந்தல் போனது, மீன் போகவில்லை. இப்போது நேராகப் போகிறேன், வளைகிறேன், பின்னுக்கும் வருகிறேன். வருகிற திங்கட்கிழமை புத்தளத்தில் லைசன்ஸ் பரீட்சை.

பின்னால் மீன் ஏற்றுகிற மரத்தட்டு உக்கிப்போயிருந்தது. அதைச் சவிரியான் ஓடாவி செய்து தந்தார். அவர் வள்ளம் கட்டுகிற ஓடாவி, லொறித்தட்டு அவருக்கு முதல் தடவை, அதனால் மனம் வைத்துச் செய்தார். பலகைக்குப் பலகை தும்பு அடைத்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, பக்கப் பலகைகளையும் அதே மாதிரி அடைத்து, சுறா எண்ணெய் பூசி முடித்தார். தண்ணீர் விட்டுப் பார்த்தோம். விட்ட தண்ணீர் விடிந்தும் அப்படியே நின்றது, ஒரு சொட்டுக் கீழே இறங்கவில்லை. உங்கள் முதலாளியின் லொறித்தட்டு ஒழுகி ஒழுகி றோட்டெல்லாம் நாறுகிறதே, அதைப்போல இல்லை இது.

சுவாமியை மந்திரிக்கக் கூப்பிட்டோம். லொறிக்கென்று புத்தகத்தில் செபம் கிடைக்கவில்லை என்று வள்ளத்துக்கு வாசிக்கிற செபத்தை வாசித்துத் தீர்த்தம் தெளித்தார். கடல் அமைதியாக இருக்க வேண்டும், வலை நிறைய வேண்டும் என்றெல்லாம் இருந்தது. எல்லாரும் ஆமென் சொன்னோம்.

வியாழக்கிழமை முதல் லோடு. சிலாபம் சந்தைக்குத்தான் வருகிறேன்.

பிரான்சிஸ்கா

*

தபாலட்டை

சிலாபம்,
1946 ஒக்டோபர் 22.

பிரான்சிஸ்கா,

மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன். உடனே தட்டில் துவாரம் போடச் சொல். மூலைக்கு மூலை, பெருவிரல் போகுமளவு. லொறித்தட்டு ஒழுகத்தான் வேண்டும்! மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? துவாரம் போடாமல் றோட்டில் இறக்காதே. யாரும் தட்டை அடைப்பார்கள் என்று என் புத்தியில் வரவே இல்லை, வந்திருந்தால் முன்பே எழுதியிருப்பேன்.

சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
1946 ஒக்டோபர் 26.

உங்களுக்கு,

தபாலட்டை நேற்றுக் கிடைத்தது. நான் சிலாபத்துக்குப் போய் வந்த பிறகு.

வாசித்ததும் சவிரியான் ஓடாவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கோபித்துக்கொண்டார். "பிள்ளை, அடியில ஓட்டை போடுறவனும் ஓர் ஓடாவியோ?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடைத்து முடித்து அழகு பார்த்தவர்களில் நானும் ஒருத்திதானே.

பரீட்சை தேறிவிட்டேன். உத்தியோகத்தர் என்னைப் பார்த்துவிட்டு, "புருஷன் எங்கே?" என்று கேட்டார். "தேங்காய் எண்ணுகிறார்" என்றேன். உடனே லொறியில் ஏறச் சொன்னார்.

வியாழக்கிழமை எல்லா வாடி மீனும் ஏற்றிப் புறப்பட்டோம், பவுலினா அக்கா பக்கத்தில். பாலாவி தாண்டும்வரை ராணி மாதிரி வந்தேன். முந்தலில் மழை பிடித்தது. மழையென்றால் மழை, வானம் பிளந்தது போல. கொஞ்ச தூரம் போனதும் லொறி என் சொல்லைக் கேட்கவில்லை. வளைத்தால் முழு லொறியும் சரிகிறது, பிறேக்கை மிதித்தால் பின்னாலிருந்து கடல் எழும்பி எங்கள் முதுகில் அடிக்கிறது. திரும்பிப் பார்த்தால் பாரையும் சீலாவும் மேலே மூடின ஓலைக் கிடுகுக்குக் கீழே மிதக்கின்றன. பவுலினா அக்கா செபமாலையை எடுத்தவ, சிலாபம் வரைக்கும் கீழே வைக்கவில்லை. வாளியால் அள்ளி அள்ளி இறைத்தும் பார்த்தோம். மழை எங்களைவிட வேகமாக ஊற்றினது.

சந்தையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் நின்றீர்கள். "மேக்க ஒருவக் நே!" என்று ஒருவன் கத்தினான். சிங்களம் விளங்காதவளா நான்? வள்ளம் வந்திருக்கிறதாம். சந்தை முழுவதும் சிரித்தது. உங்கள் முதலாளி கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் இறங்கவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கிற எல்லா முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் முகத்தைத்தான் தேடினேன். நீங்களும் சிரித்துக்கொண்டு நின்றிருந்தால் நான் அப்படியே திருப்பிக்கொண்டு வந்து, இந்த ஜென்மத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன்.

முதலாளி உங்களைக் கூப்பிட்டார். "போ சந்தியாகு, உன் பெண்சாதியின்ர வள்ளத்தை என்ர கொட்டிலுக்குக் கொண்டு வா. இப்பவாவது கழற்றுவம்" என்றார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார். நீங்கள் வந்தீர்கள். வண்டிச் சக்கரம் செய்கிறவனின் துறப்பணத்தை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நான் கதவை இறுக்கிப் பிடித்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே லொறியின் கீழே போய் மல்லாந்து படுத்தீர்கள். மரம் துளைக்கிற சத்தம் என் காலுக்குக் கீழே கேட்டது. பிறகு தட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். சந்தையில் சிரிப்பு நின்றுபோனது.

மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவிவிட்ட மீனாகப் பளபளவென்று கிடந்தது. பவுலினா அக்கா தட்டின் மேல் ஏறி நின்று அவவே விலை கூறினா. போன வருஷம் அழுத அதே வாய். கடைசி மீன்வரை போனது.

நீங்கள் கீழேயிருந்து வெளியே வந்தீர்கள். தலையில் செதில், சட்டை முழுக்க மீன் தண்ணீர், சுறா எண்ணெய். முதலாளி ஏதோ சொன்னார், கொட்டிலின் சாவியை அவருடைய மேசையில் நீங்கள் வைத்தது தெரிந்தது. பிறகு என் பக்கம் வந்து நின்றீர்கள். உங்களோடு பேசியிருந்தால் அழுதிருப்பேன், அந்தச் சந்தைக்கு முன்னால் நான் அழ மாட்டேன். அதனால் எஞ்சினைப் போடச் சொன்னேன், பவுலினா அக்கா ஹாண்டிலைச் சுற்றினா, புறப்பட்டு வந்துவிட்டேன். வழி முழுக்க அழுதுகொண்டுதான் ஓட்டினேன்.

பிரான்சிஸ்கா

*

சிலாபம்,
1946 ஒக்டோபர் 31.

அன்புள்ள பிரான்சிஸ்காவுக்கு,

நான் வேலையில் இல்லை. பெரியம்மாவின் மகன் வீட்டில் இருக்கிறேன். இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் குளித்தும் மணம் போகவில்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள்.

முதலாளியின் லொறி திங்கட்கிழமை மாதம்பைக்குக் கிட்ட நின்றுவிட்டது. கியர்ப்பெட்டி பல்லுப் பல்லாகக் கொட்டிவிட்டதாம். திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார், நல்ல பேச்சுத்தான் பேசினார். உன் லொறியையும் கொண்டுவந்தால் என்று முடித்தார். அது என்னுடையது அல்ல என்று சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது லேசாக இருந்தது.

நீ சந்தையை விட்டு வெளியே போனதைப் பார்த்தேன். அந்த இறக்கத்தில் கியரை ஒரு சத்தமில்லாமல் மாற்றினாய். எனக்கு அது பழக ஒரு வருஷம் எடுத்தது. பக்கத்தில் நின்றவனிடம் "அது என்ர பெண்சாதி" என்று சொன்னேன். அவன் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். நான் வரட்டுமா? வந்து உன் லொறியை நான் ஓட்டுகிறேன். பெண் லொறி ஓட்டினால் ஊர் நாலு விதமாகக் கதைக்கும், றோட்டில் எவனாவது மறிப்பான், மழை, சேறு, பாரம். நீ வீட்டில் இரு. நான் டிறைவர், அது என் தொழில். ஒரு மீன் அழுகாமல் கொண்டுவந்து சேர்ப்பேன். நீ ஓம் என்றால்தான் வருவேன். இல்லை என்றால் கோபிக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன், ஆனால் கோபிப்பேன். அதற்காக வராமல் இருக்கவும் மாட்டேன். எழுது.

சந்தியாகு

*

சேசு மரி சூசை துணை

கண்டக்குழி,
1946 நவம்பர் 4.

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை மட்டும் இன்னும் கூடுதலாக வாசித்தேன்.

ஓம், வாருங்கள். இன்றைக்கே வந்தாலும் சரிதான். வீட்டில் உங்கள் இடத்தில் நான் ஒருவரையும் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

லொறி வேறு கதை. லொறிக்கு டிறைவர் இருக்கிறா. புத்தளத்தில் லைசன்ஸ் எடுத்தவ, இறக்கத்தில் சத்தமில்லாமல் கியர் மாற்றுவா என்று அனுபவசாலி ஒருவரே எழுத்தில் தந்திருக்கிறார். ஊர் நாலு விதமாகக் கதைக்கும் என்கிறீர்கள். அது ஜூன் மாதத்திலிருந்து கதைத்துக் கதைத்துக் களைத்துப்போய் இப்போது என்னிடம் மீன் ஏற்றக் கொண்டுவந்து தருகிறது. றோட்டில் எவனாவது மறித்தால் லொறியில் மீன் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

எங்களுக்குக் கிளீனர்தான் இல்லை. ஹாண்டில் சுற்றிச் சுற்றிப் பவுலினா அக்காவின் தோள் இறங்கிவிட்டது. தும்பு ரயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மழை வந்தால் கிடுகு இழுத்துக் கட்ட வேண்டும், பாரம் ஏற்றி இறக்க வேண்டும். எஞ்சின் வேறு சூடேறினால் இருமுகிறது, ஏன் என்று முத்தலிபு நானாவுக்கும் பிடிபடவில்லை. அதைக் காதால் கேட்டே சொல்லக்கூடிய ஓர் ஆள் சிலாபத்தில் வேலையில்லாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சம்மதமானால் அவரிடம் சொல்லுங்கள்.

வருகிற வியாழக்கிழமை மீன் இறக்கிவிட்டு சந்தைக்கு வெளியே நிற்பேன். இடப்பக்கக் கதவைக் கம்பியால் கட்டியிருக்கிறோம், வெளியிலிருந்து திறக்க வராது. நீங்கள் வந்து நில்லுங்கள், நான் உள்ளேயிருந்து திறந்துவிடுகிறேன்.

உங்கள்
பிரான்சிஸ்கா